கணக்கில் நீங்கள் எத்தனை மார்க்?

பத்தாம் வகுப்பில் கணக்கில் எத்தனை மார்க் என்று நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். சமூக அறிவியலில் எவ்வளவு என்றால் விட்டத்தைப் பார்ப்பார். கணக்குக்கு மட்டும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். சென்டம் வாங்கியவர் இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவர்போலச் சொல்வார். முப்பத்தைந்தில் கரையேறியவர் சிரித்துக்கொண்டே, "நமக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற நாம், கணக்கு வராது என்பதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம்.

இரண்டு பேரும் தங்களைப் பற்றி ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள்: எனக்குக் கணக்கு மூளை உண்டு, எனக்குக் கிடையாது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் சேர்த்துவைத்திருக்கிற சான்றுகளைப் பார்த்தால், இந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்காது என்றே தோன்றுகிறது.

முதலில் சாட்சியே நம்பகமில்லை. அமெரிக்காவின் ஓஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நினைவாற்றலை ஆராய்ந்துவந்த ஹாரி பாரிக் தன் சகாக்களோடு 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளியில் ஒவ்வொரு பாடத்திலும் என்ன கிரேடு வாங்கினீர்கள் என்று 99 கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன 3,220 கிரேடுகளைப் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். 'ஏ' வாங்கியதை 89 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கிரேடு இறங்க இறங்க நினைவும் இறங்கியது. 'டி' வாங்கியதில் 29 சதவீதம்தான் சரி. பிழைகளில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தன: வாங்கியதைவிடக் கூட. இவர்கள் யாரும் பள்ளியை விட்டு வந்து வெகுகாலம் ஆகியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் பொய் சொன்னதாகப் பாரிக் கருதவில்லை. நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை மனம் தனக்கு இதமான சரக்கைக் கொண்டு அடைத்துக்கொள்கிறது என்பதுதான் அவர் விளக்கம். அது கணக்குக்கு மட்டுமான ஆய்வில்லை, எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானது. ஆனாலும் அடுத்த முறை மாமாவோ சித்தப்பாவோ "நான் அந்தக் காலத்தில் கணக்கில் தொண்ணூற்றெட்டு" என்றால், மார்க் ஷீட்டைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

பெரிய மனிதர்களின் மார்க்கையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது உண்டு. ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் என்ற கதை அவர் உயிரோடு இருந்தபோதே உலவியது. 1935இல் பிரின்ஸ்டனில் ஒரு யூத மதகுரு, 'நம்பினால் நம்புங்கள்' என்ற புகழ்பெற்ற பத்திரிகைத் துணுக்கில் அப்படி வந்திருப்பதை அவரிடமே காட்டினார். ஐன்ஸ்டைன் மறுத்தார், பதினைந்து வயதாகும் முன்பே நுண்கணிதம் தனக்குக் கைவந்திருந்தது என்றார். 1895இல் சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை என்பது மெய்தான். ஆனால் காலை வாரியது மொழி முதலான பொதுப் பாடங்கள். கணக்கும் இயற்பியலும் நன்றாகவே எழுதியிருந்தார். அதன் பிறகு அவர் சேர்ந்து படித்த ஆராவ் பள்ளி மறு ஆண்டு கொடுத்த சான்றிதழில் இயற்கணிதத்துக்கும் வடிவியலுக்கும் ஆறுக்கு ஆறு. நம் ராமானுஜன் கதையும் ஏறக்குறைய இப்படியே சிதைந்திருக்கிறது. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1904இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை வாங்கியவர் அவர். கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் அவரைத் தோற்கடித்தவை மற்ற பாடங்கள். தேர்வில் தோற்ற மேதைகளைக் காட்டி ஆறுதல் தேடுகிறவர்கள் வேறு உதாரணம் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல உதாரணம் ஒன்று பின்னால் வருகிறது.

நினைவு சரியாகவே இருக்கிறது, மார்க் ஷீட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் எதை அளந்தது?

47ஐ 6ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். ஆறேழு நாற்பத்திரண்டு, அதை ஓரமாக வைக்க வேண்டும். ஆறு நாற்பது இருநூற்று நாற்பது. இப்போது அந்த நாற்பத்திரண்டை எடுத்துச் சேர்க்க வேண்டும். 282. இடையில் அந்த 42 எங்கே இருந்ததோ அதைத்தான் உளவியலாளர்கள் செயல்நினைவு என்கிறார்கள். சில விநாடிகளுக்கு மட்டும் எழுதிவைத்து அழித்துக்கொள்கிற சின்னச் சிலேட்டு அது. எவ்வளவு பெரிய அறிஞருக்கும் அதில் இடம் குறைவுதான். இதில் சங்கடம் என்னவென்றால், "நேரமாகிவிட்டது, சார் பார்க்கிறார், தப்பாகிவிடுமோ" என்ற கவலையும் அதே சிலேட்டில்தான் எழுதப்படுகிறது. கணக்குக்கான இடத்தைப் பயம் பிடித்துக்கொள்கிறது.

கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆஷ்கிராஃப்ட்டும் எலிசபெத் கிர்க்கும் 2001இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டல் செய்யச் சொன்னார்கள். எழுத்துகள் குறைவாகவும் கூட்டல் எளிதாகவும் இருந்தபோது கணக்குப் பயம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எழுத்துகளை அதிகமாக்கி, மீதியை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகிற மாதிரிக் கூட்டல் கொடுத்ததும் பயந்தவர்களின் பிழை மளமளவென்று ஏறியது. அவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் போய்விடவில்லை. கூட்ட இடமில்லாமல் போனது.

2012இல் மூளைப் படங்களும் இந்தக் கதைக்குள் வந்தன. ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனன் குழுவினர் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஸ்கேனரில் படுக்கவைத்துக் கூட்டல் கழித்தல் கொடுத்தார்கள். கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளிடம், ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா பகுதி கூடுதலாக வேலை செய்தது; எண்களைக் கையாளும் பகுதிகளில் வேலை குறைந்திருந்தது. அதே ஆண்டு இயன் லையன்ஸும் ஷான் பைலாக்கும் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், கணக்குப் பயம் மிகுந்தவர்களின் மூளையில் உடல் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் கிளர்ந்ததைக் கண்டார்கள். அது நிகழ்ந்த நேரம்தான் விசேஷம். "அடுத்து கணக்கு வருகிறது" என்ற அறிகுறி தெரிந்தபோது வலி. கணக்கைப் போட ஆரம்பித்ததும் அந்த வலி இல்லை. கேள்வித்தாள் கைக்கு வருவதற்கு முந்திய ஐந்து நிமிடம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பயம் அடிப்பது மந்தமான பிள்ளையை என்றுதான் நினைப்போம். ஜெரார்டோ ராமிரெஸும் பைலாக்கும் 2013இல் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, செயல்நினைவு வலுவாக உள்ள பிள்ளைகளைத்தான் பயம் அதிகம் கீழே இழுத்தது. விரலை விட்டு எண்ணுகிற பிள்ளைக்குச் சிலேட்டு அவ்வளவாகத் தேவைப்படாது. மனத்துக்குள் உடைத்து, சேர்த்து, நினைவிலிருந்து எடுத்துப் போடுகிற கெட்டிக்காரப் பிள்ளையின் முறை முழுக்கச் சிலேட்டை நம்பியிருக்கிறது. அது பறிபோனால் அந்தப் பிள்ளைக்குத்தான் இழப்பு. ஆக, ஒரு நேரக்கட்டுப்பாட்டுத் தேர்வு நல்ல கணக்குத் தலைகள் சிலவற்றையே வடிகட்டி வெளியே தள்ளிவிடக்கூடும்.

பயம் யாரோ சிலருக்கு வருகிற விசித்திரம் என்றும் சொல்ல முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் 'பிசா' தேர்வு 2012இல் 15 வயதினரிடம் இதைக் கேட்டது. கணக்கு வகுப்பு தனக்குக் கடினமாக இருக்குமோ என்று அடிக்கடி கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒரு கணக்கைப் போட உட்காரும்போதே கையறு நிலையை உணர்வதாக 30 சதவீதம் பேர். பயத்தால் மார்க் குறைகிறதா, மார்க் குறைந்ததால் பயம் வருகிறதா? இரண்டுக்கும் சான்று இருக்கிறது, ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1950இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோரான் ஷ்வார்ட்ஸ், பள்ளியில் தான் மிக மெதுவானவன் என்றும், சட்டென்று விடை சொல்லும் தோழர்களைப் பார்த்துத் தன்னை முட்டாள் என்றே நினைத்திருந்ததாகவும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். முதல் மாணவராக இருந்தும் அவருக்கு இந்த எண்ணம். கணிதத்தில் வேகமாக இருப்பது வேறு, ஆழமாகப் புரிந்துகொள்வது வேறு என்று அவருக்குப் பிற்பாடுதான் தெளிந்தது. கரும்பலகை முன்னால் நிறுத்திவைத்து வாய்ப்பாடு கேட்டு வளர்க்கப்பட்ட நமக்கு இன்னும் தெளியவில்லை.

இனி தெருவுக்கு வருவோம். பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காய், பழம் விற்கும் சிறுவர்களை டெரெசின்யா நூனெஸ் கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவர் ஆராய்ந்து 1985இல் எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற ஒன்று. ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளராகப் போய் நின்றார்கள். தேங்காய் ஒன்று 35 குருசேரோ. பத்துத் தேங்காய் எவ்வளவு? 12 வயதுப் பையன் வாய்விட்டுக் கணக்குப் போட்டான்: மூன்று 105, இன்னொரு மூன்று, 210, நான்கு பாக்கி, 315, அப்புறம் ஒன்று, 350. பத்தால் பெருக்க ஒரு சுழி போட்டால் போதும் என்ற பள்ளிப் பாடம் அவனுக்கு நினைவில்லை, அல்லது தேவைப்படவில்லை. மூன்று தேங்காயாகக் கட்டிக் கட்டி விற்றுப் பழகியவனுக்கு 105 மனப்பாடம். அதையே படிக்கல்லாக வைத்து ஏறிப் போனான்.

நான்கு தேங்காய்க்கு 140 என்று தெருவில் சரியாகச் சொன்ன அதே பையனிடம் பின்னர் காகிதத்தைக் கொடுத்து 35 × 4 எவ்வளவு என்று கேட்டார்கள். நாலஞ்சு இருபது, மீதி இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து, நாலஞ்சு இருபது. விடை 200 என்று எழுதினான். பெருக்கிய பிறகு சேர்க்க வேண்டிய மீதியைப் பெருக்கும் முன்பே சேர்த்துவிட்டான். நான்கு தேங்காய்க்கு 200 கேட்டால் வாங்க வந்தவர் சண்டைக்கு நிற்பார் என்று தெரிந்த பிள்ளை, பேனாவைப் பிடித்ததும் அந்த உலகத்தையே மறந்துவிடுகிறான். அந்த ஆய்வில் பங்கேற்ற சிறுவர்கள் தெருவில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். பங்கேற்றவர்கள் ஐந்தே பேர் என்பதால் அப்போது சந்தேகப்பட இடம் இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் இதே விஷயத்தைப் பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கு, ஒன்றேகால் கிலோ வெங்காயம் என்ற தினுசில் வாங்கி, நோட்டை நீட்டி, மீதிச் சில்லறையைக் கேட்டால் பெரும்பாலோர் துல்லியமாகச் சொல்கிறார்கள். வகுத்தல் கணக்கைத் தாளில் நீட்டினால் திணறுகிறார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் இது தலைகீழ்: தாளில் கழித்தலும் வகுத்தலும் ஓரளவு வருகிறது, சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். வேலை செய்யும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்கள் விடை கண்ட ஒரு கணக்கில், பள்ளிப் பிள்ளைகளில் சரியாகச் செய்தவர்கள் ஒரு சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டுத் தெருதான் உண்மையான பள்ளி என்று புல்லரித்துப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று மூன்றாகக் கூட்டிப் போகும் வித்தை பத்துத் தேங்காய்க்குப் போதும். வங்கிக் கடனின் வட்டிக்குப் போதாது. பள்ளி முறையின் பலம் அது எந்தப் பொருளுக்கும் பொருந்தும் என்பது. ஆனால் அந்தப் பலத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கணக்கோடு இணைக்காமல் தனியாக ஊட்டினால், இரண்டு தண்டவாளமும் ஒன்றுசேராமலே போகின்றன. தெருவில் வென்று தாளில் தோற்ற பிள்ளைக்குப் பள்ளி கொடுக்கும் பெயர் 'கணக்கில் வீக்'.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. 2009ஆம் ஆண்டின் பிசா சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351. உறுப்பு நாடுகளின் சராசரி 496. பட்டியலின் அடியில் நின்றோம். கேள்விகள் நம் சூழலுக்கு ஒத்துவராதவை என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் புத்தகத்தின் பின்பக்க வினாவை அட்சரம் பிசகாமல் போடுகிற திறமையும், பார்த்திராத கேள்வியைக் கணக்காக மாற்றிக்கொள்கிற திறமையும் ஒன்றில்லை என்று அந்த எண் சொன்னது. அதைக் கேட்டிருக்கலாம்.

எந்த இடத்தில் பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்று கேட்டால், ஓர் இடத்தைக் கைநீட்டிக் காட்ட முடியும்: பின்னம். 1978இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதினரிடம் ஒரு கேள்வி. 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு? தெரிவுகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னமும் ஒன்றுக்குச் சற்றே குறைவு, ஆகவே விடை 2 என்று சொல்லக் கூட்டவே வேண்டாம். நான்கில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை, 24 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. பின்னம் என்பது ஓர் எண், அதற்கு ஓர் அளவு உண்டு என்பதே அவர்களுக்குப் படவில்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான்.

ஏன் இங்கே இத்தனை இடறல்? அதுவரை படித்ததெல்லாம் இங்கே பொய்யாகிறது. 8 பெரியது, 6 சிறியது என்று கற்ற பிள்ளையிடம் 1/8 சிறியது, 1/6 பெரியது என்கிறோம். பெருக்கினால் கூடும் என்று நம்பியிருந்தவனிடம் அரையை அரையால் பெருக்கினால் கால் என்கிறோம். எண்ணுக்கு அடுத்த எண் உண்டு என்பதுகூட இங்கே கிடையாது; பாதிக்கு 'அடுத்த' பின்னம் எது? இந்த அதிர்ச்சியை ஆற அமர விளக்க நாட்கள் வேண்டும். அந்த நேரத்தில் "கீழே உள்ளதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்று ஒரு மந்திரத்தைக் கொடுத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அன்றைக்கு மந்திரம் பலிக்கும், பத்துக்குப் பத்து விழும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிகள் பின்னத்தைப் பின்னால் தள்ளிவைக்கவில்லை. எண்சுவடியில் 1/320 ஆகிய முந்திரி, 1/80 ஆகிய காணி, 1/20 ஆகிய மா, அதன் பிறகு கால், அரை என்று பிள்ளைகள் உருப்போட்டார்கள். நிலமும் நெல்லும் பொன்னும் அப்படித்தான் அளக்கப்பட்டன, அதனால் பின்னம் அன்றாடப் புழக்கத்தில் இருந்த எண்ணாக இருந்தது. அந்தப் பள்ளிகளின் பிரம்பையும், அங்கே நுழையவே விடப்படாதவர்களையும் மறந்துவிட்டு ஏங்குவதற்கில்லை. பின்னத்தை அளவோடு சேர்த்தே சந்தித்தார்கள் என்பது மட்டும் குறித்துக்கொள்ளத் தக்கது.

பின்னம் இவ்வளவு முக்கியமா? ராபர்ட் சீக்லரும் அவருடைய குழுவினரும் 2012இல் பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளின் நீண்டகாலத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 10 வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. பொது அறிவுத்திறன், செயல்நினைவு, பெற்றோரின் வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. கூட்டல், கழித்தலுக்கு அந்த அளவு வலு இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் "புரியவே இல்லை" என்று சொன்னவர்களில் பலருக்குக் கைவிட்டது இயற்கணிதம் இல்லை; நான்கு வருடம் முன்பு அரைகுறையாகக் கடந்துபோன பின்னம்.

பிறவியில் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் இரட்டையரிடம் செய்யப்பட்ட பெரிய ஆய்வுகள், ஒரே மாதிரியான பள்ளி முறைக்குள் கணக்குத் திறனில் காணும் வேறுபாட்டில் கணிசமான பங்கு மரபணு சார்ந்தது என்கின்றன. அது ஒரு கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கூற்று. உங்கள் வீட்டுப் பிள்ளையின் உச்சவரம்பைப் பற்றியது அல்ல. உண்மையான குறைபாடும் உண்டு. டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைக்கு, மேசையில் மூன்று புளியங்கொட்டை கிடந்தால் எண்ணாமலே 'மூன்று' என்று பார்ப்பதும், 5 பெரியதா 8 பெரியதா என்பதை யோசிக்காமல் உணர்வதும்கூடக் கடினம். வெவ்வேறு ஆய்வுகளின் மதிப்பீடு நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேர்வரை போகிறது. லண்டனின் பிரையன் பட்டர்வொர்த் போன்றவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் டிஸ்கால்குலியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் திட்டும் பிரம்பும் பயன்படாது, தனிப் பயிற்சி வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் கணக்கு வராதவர்கள் என்றால் அதற்கு இந்தக் காரணம் போதாது.

பெண்களுக்குக் கணக்கு வராது என்ற பழைய பேச்சுக்கு அதிக இடம் ஒதுக்க வேண்டியதில்லை. ஜேனட் ஹைடு குழுவினர் 2008இல் அமெரிக்காவின் பத்து மாநிலத் தேர்வு முடிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது ஆண், பெண் சராசரியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நான் சொல்வதாகச் சொன்ன நல்ல உதாரணமும் ஒரு பெண்தான். ஈரானின் மரியம் மிர்சாகானி நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் கணக்கில் பின்தங்கினார். ஆசிரியருக்கு அவரிடம் பெரிய திறமை தெரியவில்லை. அதனால் அவருக்கே ஆர்வம் விட்டுப்போனது. அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கப்படுத்தினார். 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் தங்கம், இரண்டாவது முறை முழு மதிப்பெண். 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண். அந்த முதல் ஆண்டுத் தீர்ப்போடு அவர் எழுந்து போயிருந்தால் இந்தப் பத்தியே இல்லை.

எழுந்து போவதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். பாரிக் 1991இல், லிண்டா ஹாலோடு சேர்ந்து, இன்னொரு ஆய்வு செய்தார். பள்ளி இயற்கணிதத்தையும் வடிவியலையும் பெரியவர்கள் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்கள் என்று 1,726 பேரிடம் தேர்வு வைத்தார். சிலர் அண்மையில் படித்தவர்கள், சிலர் படித்து ஐம்பது ஆண்டுகள் ஆனவர்கள். பள்ளியோடு கணிதத்தை விட்டவர்களின் அறிவு ஆண்டுக்கு ஆண்டு கரைந்து, கடைசியில் குத்துமதிப்பாக விடை எழுதுகிறவரின் நிலைக்கு வந்து நின்றது. கல்லூரியில் நுண்கணிதமோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு, அதன் பிறகு கணிதத்தைத் தொடாமலே இருந்தும், அரை நூற்றாண்டு கழிந்தும் பள்ளி இயற்கணிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

அவர்கள் புத்திசாலிகள், அதனால் நினைவிருந்தது என்றுதான் முதலில் தோன்றும். பாரிக் அதையும் பார்த்தார். பள்ளியில் வாங்கிய கிரேடும் திறனறித் தேர்வு மதிப்பெண்ணும், ஒருவர் எந்த உயரத்தில் தொடங்கினார் என்பதைத் தீர்மானித்தன. எவ்வளவு வேகமாக மறந்தார் என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை. மறதியைத் தடுத்தது, பல ஆண்டுகள் இடைவெளி விட்டு விட்டு அதே விஷயத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தியதுதான். நூற்றுக்கு நூறு வாங்கி அதோடு நிறுத்தியவர் மறந்தார்; சுமாராக வாங்கித் தொடர்ந்தவர் மறக்கவில்லை.

இதை நம் ஊர் நடப்போடு வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துப் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று முடிவாகிறது. மார்க் குறைந்தவரும் பயந்தவரும் கணிதம் இல்லாத குரூப்புக்குப் போகிறார்கள். பதினைந்து வயதில் விடுகிறார்கள், விட்டதால் மறக்கிறார்கள், நாற்பது வயதில் மகளின் வீட்டுப்பாடத்தில் இருபடிச் சமன்பாட்டைப் பார்த்து விழிக்கிறார்கள். "பார்த்தாயா, எனக்கு அப்போதே கணக்கு வராது" என்று அந்த மறதியையே சான்றாகக் காட்டுகிறார்கள். வராததால் விட்டதில்லை, விட்டதால் வராமல் போனது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அந்த வீட்டுப்பாட மேசையில்தான் பயம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. எரின் மலோனி குழுவினர் 2015இல் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்தார்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு அடிக்கடி உதவியபோது, அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கில் குறைவாகக் கற்றார்கள், பயமும் கூடியது. அதே பெற்றோர் அடிக்கடி உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. உதவி செய்யாமல் இருப்பதே உதவி என்பது கேட்க நன்றாக இல்லை. நல்லவேளை, அதே ஆண்டு வேறொரு முடிவும் வந்தது. சிகாகோ வட்டாரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகள் 587 பேரின் வீடுகளுக்கு ஐபேட் கொடுத்தார்கள். சில வீடுகளில் அதில் வெறும் கதை. மற்ற வீடுகளில் குட்டிக் கதையும் அதையொட்டிச் சின்னச் சின்னக் கணக்குக் கேள்விகளும். வாரத்துக்கு ஒருமுறை பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அதைப் பார்த்த வீடுகளிலும் பலன் தெரிந்தது. அதிகப் பலன் அடைந்தவர்கள் யார் தெரியுமா? கணக்கைக் கண்டு பயந்த பெற்றோரின் பிள்ளைகள்.

அதற்கு ஐபேட் வேண்டும் என்றில்லை. தோசையில் பாதி பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா என்று இன்று இரவு கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விடை தப்பாக வந்தால் திருத்தும் முன் அது எப்படி வந்தது என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். "நம் குடும்பத்துக்கே கணக்கு வராது" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும், நீங்கள் நிஜமாகவே முப்பத்தைந்து மார்க்கில் தப்பியவராக இருந்தாலும், பிள்ளை காதுபட இனி சொல்லாதீர்கள்.